ஆற்றில் விட்ட சேலை

பாபநாசம் படித்துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆற்றில் முங்கி எழுந்து, உடுத்தியிருந்த துணியைத் தண்ணீரோடு விட்டுவிட்டு, மாற்றுத்துணி கட்டிக்கொண்டு படி ஏற வேண்டும். ஏறும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் விட்டது பின்னாலேயே வந்துவிடும். சனி பிடித்தவர்கள், வீட்டில் சாவுத் துட்டி விழுந்தவர்கள், கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள், கோர்ட்டில் தோற்றவர்கள் என்று எந்தெந்த ஊரிலிருந்தோ வேன் பிடித்து வருவார்கள். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு வேனில் ஏறிப் போய்விடுவார்கள். அத்தனை பேரும் திரும்பிப் பார்க்காமல் போன அந்த இடத்தை, தொண்ணூறுகளில் ஒருத்தி மட்டும் தினமும் பார்த்துக்கொண்டு நின்றாள். இடுப்பளவுத் தண்ணீரில், கையில் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டிக் கம்போடு நின்றாள்.

அவள் எனக்கு மதினி. சொந்த மதினி இல்லை. அவள் வீட்டுக்காரர் நான் பிறந்த கல்லிடைக்குறிச்சிக்காரர், அதனால் எனக்கு அண்ணன். அண்ணன் பெண்டாட்டி மதினிதானே. நான் கல்யாணமாகி விக்கிரமசிங்கபுரத்துக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவர்கள் குடியிருந்தார்கள். அண்ணனுக்கு மில்லில் வேலை. எனக்குப் பேச்செல்லாம் மதினியோடுதான். அண்ணன் வாயைத் திறந்தால் மழை வரும் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

நான் அவளை முதலில் பார்த்தது, மாமியாரோடு ஆற்றுக்குக் குளிக்கப் போன அன்று. ஒரு சிவப்புச் சேலை பாறையைச் சுற்றி இறுகிக் கிடந்தது. மதினி பாறையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, தொரட்டியை மாட்டி இழுத்தாள். இழுத்துக்கொண்டே சேலையிடம் பேசினாள்.

"வா தாயி, வா. எவளோ விட்டுட்டுப் போயிட்டா. அதுக்காவ பாறையக் கட்டிப் பிடிச்சிட்டு அழுதா ஆச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"அங்கன பாக்காத. மிதந்து வாற துணி கால்ல பட்டா மறுபடி முங்கு."

"அவுக யாரு அத்தை?"

"பாவம் பொறுக்கி. ஊர்ல உள்ளவன் பாவத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோயி சேக்குதா, சவத்து மூதி. அவ வீட்டுல தண்ணி குடிச்சிராத."

குடித்தேன். மறுநாளே போய்க் குடித்தேன். செய்யாதே என்று சொன்னால் செய்கிற குணம் எனக்கு அப்போதே உண்டு.

மதினியின் முகத்துக்கு முப்பத்தைந்து வயது என்றால் விரல்களுக்கு எழுபது வயது. எந்நேரமும் ஆற்றில் ஊறி வெளிறிச் சுருங்கிப்போன விரல்கள். இழுத்துப் போட்ட துணியை அவள் கரையிலேயே பிரிப்பாள். நூல் துணி ஒரு பாறையில், பாலியஸ்டர் ஒரு பாறையில், வேட்டி கைலி ஒரு பாறையில். மண் போக அலசி, வீட்டுக்குத் தூக்கி வந்து, புறவாசலில் பெரிய அண்டாவில் சலவைச் சோடா போட்டு அவித்து எடுப்பாள். காய்ந்த பிறகு நைந்த நூல் சேலைகள் பிள்ளைத் துணியாகும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தால் போர்வையாகும். கைலிகளை லாரி ஷெட்டுக்காரர்கள் கிரீஸ் துடைக்க வாங்கிப் போவார்கள். கிழிந்ததில் கிழிந்தது தலையணைக்குள் போகும். சட்டைப் பொத்தானைக்கூட அறுத்து வைத்துக்கொள்வாள். பாலியஸ்டர் சேலைகளை நீளவாக்கில் கிழித்து, தூணில் கட்டி முறுக்கிக் கயிறாக்குவாள்.

"இது மக்காது பிள்ள" என்பாள். "நாம போயி, நம்ம பேரப்பிள்ளைகளும் போயி, அதுக்கப்புறமும் ஆத்துக்கு அடியில இப்படியேதான் கிடக்கும். கிடக்கதுதான் கிடக்கு, ஒரு மாட்டையாவது பிடிச்சிட்டுக் கிடக்கட்டுமே."

எங்கள் தெருவில் பாதி மாடுகள் அந்தக் கயிற்றில்தான் நின்றன. கேட்டால் அம்பாசமுத்திரம் சந்தையில் வாங்கியது என்பார்கள். கலர் கலராக எந்தச் சந்தையில் கயிறு விற்கிறான்? என் மாமியார் மட்டும் லேசா? பின்னாளில் என் மகள் பிறந்தபோது, பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழந்துணிதான் வேண்டும் என்று அவரே மதினி வீட்டுப் புறவாசல் வழியாகப் போய் ஒரு கட்டு வாங்கி முந்திக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

ஏன் இதைச் செய்கிறாய் என்று மதினியிடம் கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் சொல்வாள். கோயிலுக்கு வந்த ஐயரிடம், மீன் மூச்சுமுட்டிச் சாகிறது என்றாள். மில்காரர்களிடம், உங்களை மாதிரி எனக்கும் இதுதான் மில்லு என்றாள். என்னிடம், "சும்மா கிடக்கே பிள்ள, அதான்" என்றாள். எல்லாம் உண்மையாக இருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முடிந்துபோயிற்று என்று ஊரெல்லாம் கைகழுவிய பொருளை, முடிந்துபோயிற்று என்று அவளால் பார்க்க முடியாது. அவள் கண் அப்படி.

அவள் எருமை ஒன்று செத்தபோது தெருவே, பார்த்தாயா, பார்த்தாயா என்றது. என் மாமியார் வாசலில் நின்று அவள் காதில் விழும்படியாகவே சொன்னார்.

"அடுத்தவன் பாவத்த வீட்டுக்குள்ள அடுக்கி வச்சா சும்மா விடுமா?"

மதினி தலையில் இருந்த துணிமூட்டையை இறக்காமலே நின்றாள்.

"அத்தை, ஆத்துல முங்குனா பாவம் கரையுமா கரையாதா?"

"கரையும். அதுக்குத்தான முங்குதாக."

"அப்போ துணியில என்ன இருக்கு? வெறுந்துணிதான இருக்கு. இல்ல, கரையாதுன்னு சொல்லுங்க, நாளையிலேருந்து வேன்காரங்க கிட்ட, இங்கன வந்து பிரயோசனம் இல்ல, ஊருக்குப் போங்கன்னு சொல்லிருதேன்."

மாமியார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு மடங்கு.

சித்திரை விசுவுக்கு முன்னால் ஒரு தடவை, ஆற்றங்கரையில் திருவிழாக் கடைகள் போட ஏலம் எடுத்தவர், ஆள்விட்டுப் படித்துறையைச் சுத்தம் செய்தார். வருஷக்கணக்காகத் தண்ணீருக்கு அடியில் கிடந்த துணியெல்லாம் வெளியே வந்தது. குவித்தால் ஒரு வீட்டு உயரம். அதை லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கல் உடைத்துக் கைவிட்ட பள்ளத்தில் கொட்டப்போவதாகச் சொன்னார்கள். மதினி லாரிக்காரரிடம் போனாள்.

"அண்ணாச்சி, அத எங்க வீட்டுப் புறவாசல்ல கொட்டிருங்களேன்."

"உன் வீடு கொள்ளாது தாயி. எனக்குச் சொன்னது பள்ளம்தான்."

"அப்போ நானும் பள்ளத்துக்கே வாரேன்."

சொன்னவள் டயரில் கால் வைத்து ஏறி, குவியலின் உச்சியில் உட்கார்ந்துவிட்டாள். லாரி எங்கள் தெரு முனையைக் கடந்து போனதை வாசலில் நின்று பார்த்தோம். சொட்டச் சொட்ட நாறுகிற அழுக்கு மலையின்மேல் மதினி முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, சப்பரத்துச் சாமி மாதிரி அசைந்து அசைந்து போனாள். அண்ணன் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவர், நிமிர்ந்து பார்த்து, "எங்க போறா?" என்று மட்டும் கேட்டார்.

பள்ளத்தில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. போன பாரத்தோடேயே லாரி திரும்பி வந்தது. லாரிக்காரர் இறங்கி அண்ணனிடம் முறையிட்டார்.

"இறங்க மாட்டேங்கா வே. நான் என்ன, இவளையும் சேத்தா கொட்ட முடியும்?"

அந்தக் கோடை முழுக்க எங்கள் தெரு ஈரத்துணி நாற்றத்தில் கிடந்தது. நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். மதினி விடிந்ததும் உட்காருவாள், பொழுது சாய எழுந்திருப்பாள். அண்டா அடுப்பைவிட்டு இறங்கவே இல்லை. ஐப்பசி மழை தொடங்குமுன் அந்த மலை காணாமல் போயிருந்தது. ஒரு கந்தல் மிச்சமில்லை. ஒற்றை மனுஷி, இரண்டு கை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

மகளுக்கு முன்னால் எனக்கு ஒரு பையன் பிறந்தான். மூன்றாம் நாள் இறந்துவிட்டான். டாக்டர் இருதயத்தில் கோளாறு என்றார். மாமியார் தோஷம் என்றார். ஜோசியர் மாமியார் பக்கம் நின்றார். வளைகாப்புச் சேலையை உடுத்திக்கொண்டு பாபநாசத்தில் முங்கி, அதை ஆற்றோடு விட்டுவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

அந்தச் சேலை என் அம்மா டவுண் ரதவீதிக் கடையில் எடுத்தது. மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட நூல் சேலை. எட்டாம் மாதத்தில் அடுப்புப் பொறி பட்டு முந்தியில் ஓட்டை விழுந்துவிட்டது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடையில் உட்கார்ந்து, அந்த ஓட்டையை மூடிப் பச்சை நூலால் ஒரு வேப்பிலை தைத்தேன். எனக்குத் தையல் வராது. இலை புடைத்துக்கொண்டு கம்பளிப்பூச்சி மாதிரி இருந்தது. வயிற்றில் இருந்தவனிடம், உன் அம்மா கைவேலையைப் பாருடா என்று சொல்லிச் சிரித்தேன். அதெல்லாம் ஒரு காலம்.

மதினி துணிக்கட்டுகளோடு அம்பாசமுத்திரம் போகிற நாளாகப் பார்த்து மாமியார் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் கண்ணில் படக் கூடாதாம். முங்கினேன். சேலையை அவிழ்த்து விட்டேன். மஞ்சளாகக் கொஞ்ச தூரம் விரிந்து போனது. சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் படி ஏறினேன். ஒவ்வொரு படியிலும் கழுத்து திரும்பு திரும்பு என்றது. திரும்பவில்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு மத்தியானம் மதினி வீட்டில் அவளோடு போர்வை தைத்துக்கொண்டிருந்தேன். நூல்கண்டு வைத்திருந்த சுருக்குப்பையை எடுத்துத் தந்தாள். மாம்பழ மஞ்சள். பச்சைக் கரை. எனக்குக் கை நின்றுவிட்டது.

"இது எங்கன கிடைச்சது மதினி?"

"ஆத்துலதான். பாறையில சிக்கி ஓரம் கிழிஞ்சிருந்திச்சு. கிழிஞ்சதப் பையாக்கிட்டேன்."

"யாரு சேலை?"

மதினி ஊசியை நிறுத்தவில்லை. "உன் சேலை."

"என் சேலைன்னு தெரிஞ்சா எடுத்தீங்க?"

"உன் வளைகாப்பு அன்னைக்கு வெளிய நின்னு பாத்தேன்லா. எனக்குத் தெரியாதா?"

"மிச்சச் சேலை எங்க?"

"மலைமேல, மாஞ்சோலை எஸ்டேட்டுல ஒரு பிள்ளைக்குத் தொட்டிலா கிடக்கு."

என் பிள்ளையைத் தின்ற சேலை என்றுதான் அதை ஆற்றில் விட்டேன். அதில் இன்னொருத்தி தன் பிள்ளையைப் போட்டு ஆட்டிக்கொண்டிருக்கிறாள். மதினியின் வாதமெல்லாம் எனக்குத் தெரியும். அதைக் கேட்டு நானே சிரித்தவள்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு வாதம் செல்லாது. என் வாயில் வராத வார்த்தை அன்று வந்தது.

"நீங்க மனுஷியா? என்னைய விட்டது அந்தப் பிள்ளையப் பிடிச்சிச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?"

மதினி அப்போதுதான் ஊசியை நிறுத்தினாள். பல்லால் நூலைக் கடித்து, துணியை மடித்து வைத்தாள்.

"ஞாயித்துக்கிழம அவளுக்கு லீவு, வீட்டுல இருப்பா. போவோம். நீயே வாங்கிக்கோ."

மாமியாரிடம் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதே மஞ்சளில் புதுச்சேலை ஒன்று எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு போய்ப் பிடுங்கக் கூடாதே. கல்லிடைக்குறிச்சியில் மாஞ்சோலை பஸ் பிடித்து, மணிமுத்தாறு தாண்டி மலை ஏறும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"மதினி, அந்தப் பிள்ள இப்ப நல்லா இருக்குல்லா?"

"போன மாசம் அவ கீழ வந்தப்போ நல்லாத்தான் இருந்தான்."

போன மாசம். ஒரு மாசத்தில் என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம். என் பிள்ளைக்கு மூன்று நாள் போதுமாக இருந்தது. வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தது. தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

மேலே தேயிலை நடுவில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி ஒட்டி இருந்தன. ஒன்றின் கதவு திறந்திருந்தது. உள்ளே விட்டத்தில் என் சேலை தொங்கியது. தொட்டில் காலியாக இருந்தது.

உள்ளேயிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும்.

"மதினியா? வாங்க, வாங்க."

அவளுக்கும் அவள் மதினிதான் போலிருக்கிறது.

"பிள்ள எங்க?" என்று நான் கேட்டேன்.

"பக்கத்து வீட்டுல தூக்கிட்டுப் போனாக அக்கா. இருங்க" என்று போய்த் தூக்கி வந்தாள். தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை, வாயெல்லாம் எச்சில், நெற்றியில் அப்பிய மை. ஒரு வயதைத் தொட்டுவிட்டான். என் பையன் இருந்திருந்தால் இவன் வயதுதான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மூச்சு வந்த பிறகு பையிலிருந்து புதுச்சேலையை எடுத்து நீட்டினேன். இதைத் தொட்டிலுக்கு வைத்துக்கொள், அதைக் கொடுத்துவிடு என்றேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். மதினியை ஒரு தடவை பார்த்தாள்.

"இவுகதானா மதினி?"

மதினி தலையசைத்தாள்.

அந்தப் பெண் பழைய சேலையை அவிழ்த்து என் மடியில் வைத்தாள். புதுச்சேலையை விட்டத்தில் கட்டி, தூக்கத்துக்குச் சிணுங்க ஆரம்பித்திருந்த பிள்ளையை அதில் போட்டாள். பிள்ளை படுத்துக்கொண்டு கையால் துணியைத் தடவினான். இந்தப் பக்கம் தடவினான், அந்தப் பக்கம் தடவினான். எதையோ தேடினான். கிடைக்கவில்லை என்றதும் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதான். எடுத்துத் தோளில் போட்டாள், மறுபடி போட்டாள், மறுபடியும் தேடிவிட்டு அழுதான்.

"என்ன தேடுதான்?" என்றேன்.

"உங்க மடியில இருக்கதுல ஒரு இலை தச்சிருக்குல்லாக்கா. அது முண்டு முண்டா இருக்கும். அத விரலால நிமிண்டிக்கிட்டேதான் தூங்குவான். வேற எதுலயும் தூங்க மாட்டான்."

நான் மடியில் கிடந்த சேலையைப் பிரித்தேன். என் வேப்பிலை அப்படியே இருந்தது. பச்சை வெளுத்து, நிமிண்டி நிமிண்டி ஓரத்து நூல்கள் மட்டும் எழும்பியிருந்தன.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "இது யாரு சேலை, ஏன் ஆத்துல விட்டதுன்னு?"

"எல்லாம் சொல்லித்தான் தந்தாக அக்கா. ஒரு தாய் தன் பிள்ளைக்கின்னு ஆசையா உடுத்துனது, அவ பிள்ள இதுல படுக்கலை, உன் பிள்ளையாவது படுக்கட்டும், சம்மதம்னா எடுத்துக்கோன்னாக. நான் சம்மதிச்சுத்தான் வாங்குனேன்."

அவளிடம் மதினி எதையும் மறைத்திருக்கவில்லை. மறைத்துக் கொடுத்திருப்பாள் என்றுதான் நான் மலை முழுக்க அவளை மனதுக்குள் வைதுகொண்டு வந்தேன்.

எழுந்தேன். புதுச்சேலையை நானே அவிழ்த்தேன். பழையதை நானே கட்டினேன், இலை உள்பக்கம் வரும்படியாக. பிள்ளையை வாங்கினேன். கனமாக இருந்தான். அவனைத் தொட்டிலில் போட்டு ஆட்டினேன். அவன் கை நேராக இலைக்குப் போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைப் பிடித்து நிமிண்டின. கொஞ்ச நேரத்தில் விரல் ஓய்ந்தது. நான் ஆட்டுவதை நிறுத்தவில்லை. என் பிள்ளை செத்தபோது வராத அழுகை அன்று அந்த வீட்டில் வந்தது. யாரும் என்னைச் சமாதானம் சொல்லித் தடுக்கவில்லை.

மதினி என்ன செய்தாள் என்கிறீர்கள்? அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெண்ணிடம் பைய, "கிழிஞ்சது ஏதாவது இருந்தா எடுத்துத் தா பிள்ள, வந்தது வந்தாச்சு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதுச்சேலையை அந்தப் பெண்ணே உடுத்திக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டு, அந்த வீடுகளுக்கு எதிரிலேயே வந்து நின்ற பஸ்ஸில் ஏறினோம். நான் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன். நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி கந்தல் மூட்டையை மடியில் பிரித்து, எது நூல், எது பாலியஸ்டர் என்று அப்போதே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். பஸ் கிளம்பியது. அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"திரும்பிப் பாரு பிள்ள. ஒண்ணும் ஆவாது."

திரும்பினேன். அந்த வீட்டுக் கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே மஞ்சளாகத் தொட்டில் பைய அசைந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வளைவு வந்து மறைக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.